பெயரில்லாத துண்டுகள்

முருங்கனிலிருந்து பஸ் ஏறி, கீரி என்ற கடற்கரை ஊருக்கு மாலை வகுப்பு எடுக்க வரும் கீர்த்தனன், அன்று கடுகடுத்த முகத்தோடுதான் உள்ளே வந்தான்.

முந்திய வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடதாசித் துண்டு கொடுத்து, "என்ர படிப்பிப்பிலை என்ன குறையெண்டாலும் எழுதுங்கோ. பேர் போடத் தேவையில்லை. ஆர் எழுதினதெண்டு தேடவும் மாட்டன்" என்று சொன்னவன் அவன்தான். பதினொரு துண்டுகள் அவனைப் புகழ்ந்தன. பன்னிரண்டாவதில், "கேள்வி கேக்கச் சொல்லுறீங்கள். கேட்டால் சிரிக்கிறீங்கள்" என்றிருந்தது. அந்த ஒரு வரி அவனைச் சோறு தின்ன விடவில்லை. திருத்தக் கொண்டுபோன கணிதக் கொப்பிகளை ஒவ்வொன்றாக விரித்து எழுத்தை ஒத்துப் பார்த்தான். ஏழாவது கொப்பியில் ஆள் அகப்பட்டது.

"பெற்றிசியா, எழும்பும். நான் எப்ப சிரிச்சனான்?"

பெற்றிசியா எழுந்தாள். அவன் கையிலிருந்த துண்டையும் மேசையில் விரிந்து கிடந்த தன் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சேர் பொலிசிலை சேந்திருக்கலாம்," என்று கடைசி வாங்கிலிருந்து கொலின்ஸ் முணுமுணுத்தான்.

சுவேதினி கையை உயர்த்தினாள். இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்தது. "அது நான் சொல்ல அவ எழுதினது, சேர். வலையிலை நண்டு கழட்டேக்கை கடிச்சுப்போட்டுது, பேனை பிடிக்கேலாது. மறை எண்ணை மறை எண்ணாலை பெருக்கினா ஏன் நேர் எண்ணாகுதெண்டு போன செவ்வாய் கேட்டனான். 'இதுகூடத் தெரியாமலோ பத்தாம் ஆண்டுக்கு வந்தனீர்' எண்டு சிரிச்சனீங்கள். பிறகு எல்லாரும் சிரிச்சவை."

கீர்த்தனனுக்கு நினைவு வந்தது. காது மடல்கள் சுட்டன. கொப்பியை மூடிப் பெற்றிசியாவிடம் நீட்டினான்.

"தேட மாட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் தேடினனான். பிழை என்னிலைதான். இருங்கோ, தங்கச்சி."

பிறகு சுவேதினியின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அந்தக் கேள்விக்கு எனக்கும் மறுமொழி தெரியாது. விதியெண்டு பாடமாக்கினதுதான். தெரியாதெண்டு காட்டப்படாதெண்டுதான் சிரிச்சனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் போலிருந்தது.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, சேர். எனக்குப் படிப்பு வராதெண்டு அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டன். இந்த மாதத்தோடை வகுப்பு நிப்பாட்டுறதெண்டு அவ சொல்லிப்போட்டா."

"அம்மா இப்ப எங்கை?"

"கரையிலை, மீன் வாடியிலை கருவாடு காயப்போடுறா."

"வகுப்பு முடிய நானும் வாறன்."

"வந்து என்னெண்டு சொல்லுவீங்கள்?"

வாய் கூசியது. ஆனாலும் பன்னிரண்டு பேருக்கும் கேட்கச் சொன்னான்: "நீங்கள் கேட்டது சேருக்குத் தெரியாத கேள்வி எண்டு."