அறுபத்து மூன்றா, எழுபத்து மூன்றா

சர்னாய் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மூன்றாவது நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பல்கலைக்கழக வண்டியிலிருந்து முதலில் ஒரு பெட்டி இறங்கியது, பிறகு முழங்கால் உயரத் தோல் பூட்ஸ் ஒரு ஜோடி, அதற்குப் பிறகுதான் அவள். வெப்பமண்டலக் காடுகளைப் பற்றிப் படிக்க மங்கோலியாவிலிருந்து கோஸ்டா ரிக்காவுக்கு வந்திருந்தாள். என் அக்கா கல்யாணமாகிப் போனதிலிருந்து காலியாகக் கிடந்த மாடி அறையை அம்மா அவளுக்கென்று ஒழித்து வைத்திருந்தாள்.

அம்மாவை ஊரில் தோன்யா ஸெனெய்தா என்பார்கள். கொஞ்சம் வயதான யாரையும் எங்கள் பக்கம் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். ஆண் என்றால் தோன், பெண் என்றால் தோன்யா. அம்மா வாசலிலேயே அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அவள் விறைத்துப்போய் நின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

“மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் இல்லத்தில் எனக்கு இடமளித்தமைக்குப் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “யோர்லெனி, இந்தப் பொண்ணு என்ன சொல்லுது? பூசையில வாசகம் படிக்கிற மாதிரி இருக்கே.”

“நன்றி சொல்றாம்மா.”

“அதுக்கு இவ்வளவு தூரமா? உள்ள வாங்க கண்ணு, நனையாதீங்க.”

அவள் ஊரில் ஒரே ஒரு பழைய புத்தகத்தை வைத்து ஸ்பானிஷ் கற்றிருந்தாள். அதை எழுதியவர் யாரோ, அவர் உயிரோடு இருக்கும் மனிதர்களிடம் பேசியே இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஒருநாள் வந்து, “கொசுக்கள் விளைவித்த துயரத்திற்கு ஏதேனும் களிம்பு உளதா?” என்று கேட்டாள். கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வரும்போது விரலால் காட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பேசுவதை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் ஒன்றை மனசுக்குள்ளேயே கட்டி, இலக்கணம் சரிபார்த்து, அவள் வாயைத் திறக்கும்போது பேச்சு மூன்று விஷயம் தாண்டிப் போயிருக்கும். அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கையில், “ஆம், அந்தப் பேருந்து எப்போதும் தாமதமாகவே வருகிறது” என்பாள் சர்னாய். அம்மா சிரிக்காமல், “ஆமாம் கண்ணு, ரொம்பத் தாமதம்” என்பாள். எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாது.

அவளுடைய சில பழக்கங்களைப் பார்த்து எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால் காய்ச்சி, தேயிலை போட்டு, அதில் உப்பு அள்ளிப் போட்டுக் குடித்தாள். அதை முதல்முறை பார்த்தபோது, சர்க்கரை டப்பா எது என்று தெரியாமல் செய்துவிட்டாள் என்று அம்மா பதறிப் போய்க் குவளையைப் பிடுங்கப் போனாள். எங்கள் மழையும் அவளை விட்டுவைக்கவில்லை. கட்டிலுக்கடியில் வைத்திருந்த தோல் பூட்ஸில் ஒரே மாதத்தில் பச்சைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா தைத்துக் கொடுத்ததாம். அம்மா வினிகரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். அன்று இருவரும் ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டு மாதம் கோயிலுக்குக் கூரை போடப் பணம் சேர்க்கப் பிங்கோ நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கொட்டகையில் பெஞ்சு போட்டு, ஆளுக்கொரு எண் அட்டையும் ஒரு கைப்பிடி மக்காச்சோளமும் கொடுத்துவிடுவார்கள். எண் எழுதிய பந்துகள் இருக்கும் கூண்டைச் சுழற்றி, ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைக் கூப்பிட வேண்டும். அட்டையில் அந்த எண் இருந்தால் அதன்மேல் ஒரு சோளத்தை வைக்கலாம். முதலில் அட்டையை நிரப்பியவருக்குப் பரிசு. இந்தத் தடவை பரிசு ஒரு கிடாரிக் கன்று. செம்பழுப்பு நிறத்தில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு மாமரத்தில் கட்டப்பட்டிருந்தது.

வழக்கமாக எண் கூப்பிடுகிறவருக்கு அந்த வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கி, வாய் பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. பங்குச் சாமியார் உலிஸெஸ் யாரைக் கேட்கலாம் என்று வெள்ளிக்கிழமை யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா கையைத் தூக்கிவிட்டாள்.

“எங்க வீட்டுப் பொண்ணு கூப்பிடும், சாமி. நல்ல தெளிவான குரல்.”

சர்னாய் மிரண்டுபோய், “அம்மையீர், என்னால் இயலாது” என்றாள்.

“வெறும் நம்பர்தானே கண்ணு. அதுல என்ன இலக்கணம் இருக்கு?”

உண்மையில் இலக்கணம் இல்லைதான். ஆனால் எங்கள் மொழியில் அறுபது ஸெஸெந்தா, எழுபது ஸெதெந்தா. நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டு நாள் அவள் குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போனது. அவள் குரல் ஒலிபெருக்கியில் நிஜமாகவே கணீரென்று இருந்தது. முன்வரிசையில் தோன்யா மயேலா உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக் கடைக்காரி. எந்தப் பிங்கோவிலும் அவளுக்கு ஏதாவது விழும். போன வருஷம் தையல் மிஷின், அதற்கு முந்திய வருஷம் பன்றி. கடைசி வரிசையில் தோன் எவெலியோ. வாழைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாக ஆடுகிறார், ஒரு பிளாஸ்டிக் வாளிகூட ஜெயித்ததில்லை. இருவருக்கும் இன்னும் ஒரே ஓர் எண் பாக்கி என்று கொட்டகை முழுக்கத் தெரிந்துபோயிற்று.

சர்னாய் பந்தை எடுத்தாள். பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, “எழுபத்து மூன்று” என்றாள்.

தோன் எவெலியோ பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டார். “பிங்கோ! அடிச்சாச்சு!” தொப்பியை எறிந்தார். சுற்றி இருந்தவர்கள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ அழுதார்கள்கூட. உலிஸெஸ் சாமியார் சரிபார்ப்பதற்காகப் பந்தைக் கையில் வாங்கினார். அவர் முகம் மாறியது.

“இது அறுபத்து மூணு” என்றார்.

“அறுபத்து மூணு என்கிட்ட இருக்கு” என்றாள் தோன்யா மயேலா, குரலை உயர்த்தாமல், கடைசிச் சோளத்தை வைத்தபடி.

அவ்வளவுதான். கொட்டகை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

“கூப்பிட்டது கூப்பிட்டதுதான். வாயிலேர்ந்து வந்ததுதான் கணக்கு.”

“அப்போ நான் மைக்ல ஆயிரம்னு சொன்னா ஆயிரமா? பந்துதான் பேசும்.”

“உங்களுக்குத்தான் எல்லாத் தடவையும் விழுதே தோன்யா, ஒரு தடவை அவருக்கு விட்டுக் குடுத்தா ரொட்டி தீஞ்சுடுமா?”

“விட்டுக் குடுக்கிறதுக்கு இது பஸ் சீட்டா?”

சர்னாய் மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றாள். உதடு அசைந்தது. அவள் மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் சாமியார் சமாதானம் பேச மைக்கை வெடுக்கென்று வாங்க, ஒலிபெருக்கி ஊளையிட்டது பாருங்கள், காதைப் பொத்திக்கொண்டோம். கன்று மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, தோன்யா மயேலா விற்பனைக்கு ரொட்டி அடுக்கியிருந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டு எதிரே இருந்த கால்பந்து மைதானத்துக்குள் பாய்ந்தது.

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்கும். கன்று நடுக்கோட்டைத் தாண்டி ஓட, ஆட்டக்காரர்கள் இருபத்திரண்டு பேரும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்ட எங்கள் ஆண்கள் ஒரு முப்பது பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். மழையில் ஊறிய தரை. ஒருவர் பின் ஒருவராக வழுக்கி விழுந்தார்கள். கன்று நின்று திரும்பிப் பார்க்கும், பிறகு இன்னொரு பக்கம் ஓடும். மைதானத்துக்கு அப்பால் ஆறு கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மட்டும் போய்விடக் கூடாது என்று எல்லோருக்கும் கவலை.

நான் மேடையைத் திரும்பிப் பார்த்தபோது சர்னாய் அங்கே இல்லை. கொட்டகைத் தூணில் தோரணம் கட்டியிருந்த நீள மூங்கிலை உருவிக்கொண்டிருந்தாள். அதன் நுனியில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டினாள். வேலியோரம் தோன் எவெலியோவின் வெள்ளைக் குதிரை நின்றது. அவரைத் தவிர யாரையும் ஏறவிடாது. சாமியாரின் தோளைக்கூட ஒருமுறை கடித்திருக்கிறது. சர்னாய் அதன் காதருகே போய் ஏதோ சொன்னாள். கழுத்தைத் தடவினாள். அடுத்த நிமிஷம் அதன்மேல் இருந்தாள். எப்படி ஏறினாள் என்று நான் பார்க்கவே இல்லை.

மைதானத்துக்குள் அவள் போன போக்கை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டு மாடிப்படியில் சத்தம் வராமல் ஏறி இறங்கும் பெண் அது. சேணத்தில் எழுந்து நின்று, சிவப்பு நீலக் காகிதக் கொடிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மூங்கிலைக் கையில் நீட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் கூவிக்கொண்டு போனாள். கன்றை ஆற்றுப் பக்கமிருந்து மடக்கினாள், கோல் கம்பத்தைச் சுற்றித் திருப்பினாள், மூங்கிலை ஒரு வீச்சு வீசினாள். சுருக்கு கழுத்தில் விழுந்தது. குதிரை தானாகவே பின்வாங்கிக் கயிற்றை இறுக்கியது. கன்று நின்றது.

எல்லைக்கோட்டில் நின்ற நடுவர் கொடியைத் தூக்கினார். “ஆஃப்சைடு” என்றார். அப்புறம்தான் எல்லோருக்கும் சிரிப்பு வெடித்தது.

அவள் கன்றை நடத்திக்கொண்டு கொட்டகைக்கு வந்தபோது கூட்டம் வழிவிட்டது. தோன் எவெலியோ முன்னால் நின்றார். சர்னாய் குதித்து இறங்கினாள். முகமெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது.

“தப்பு என்னோடதுதான், தோன் எவெலியோ” என்றாள். “கண்ணு ஆறுன்னு பார்த்துச்சு, வாய் ஏழுன்னு சொல்லிருச்சு. குதிரையையும் கேக்காம எடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

அம்மா என் கையைக் கிள்ளினாள். எங்களைப் போலவே பேசிவிட்டாள் என்பது சர்னாய்க்குத் தெரியவே இல்லை.

கிழவருக்குக் கன்றின் மேல் இருந்த நினைப்பே போய்விட்டது. “அத விடுங்க. இந்த ராட்சசி காதுல என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் இல்ல. எங்க பாஷையில நல்லவளேன்னு சொன்னேன்.”

“பன்னெண்டு வருஷமா இதுகிட்ட ஸ்பானிஷ்ல பேசறேன், ஒரு வார்த்தை கேட்டதில்ல. பாஷைதான் தப்பு போலிருக்கு.”

பந்தில் இருப்பதே செல்லும் என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார். கன்று தோன்யா மயேலாவுக்குப் போனது. அவள் அதற்கு ‘எழுபத்து மூணு’ என்று பெயர் வைத்தாள். தோன் எவெலியோவின் மனம் நோகக் கூடாது என்று மறுநாள் காலையில் அவர் வீட்டுக்கு ஒரு கூடை ரொட்டி அனுப்பினாள். அவர் இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பிட்டார்.

அதிலிருந்து சனிக்கிழமைகளில் சர்னாய் அவர் பண்ணைக்குப் போய்க் குதிரைக்கு ஓட்டம் கொடுத்தாள். பேச்சு சரளமாகிவிட்டது, ஆனால் அது தோன் எவெலியோவின் பேச்சு. செமஸ்டர் முடிவில் பல்கலைக்கழகத்தில் ஆற்றோர மரங்களைப் பற்றி அவள் கட்டுரை வாசித்தபோது நானும் அம்மாவும் போயிருந்தோம். வேர் அழுகலைப் பற்றிப் பேராசிரியர் ஏதோ கேட்டார். “தண்ணி நின்னா மரம் ஊத்திக்கும் சார், அவ்வளவுதான்” என்றாள், ஒரு நொடியும் யோசிக்காமல். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மதிப்பெண் நன்றாகத்தான் போட்டார்.

டிசம்பரில் ஊர்க் குதிரை ஊர்வலத்துக்குத் தன் குதிரையை அவளுக்கு ஓட்டக் கொடுப்பதாகத் தோன் எவெலியோ சொன்னார். ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் முற்றத்தில் அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஊரில் குதிரை மேய்க்கும் அவளுடைய அப்பா போனில் முகம் காட்டிக் கூப்பிட்டார். அங்கே மறுநாள் விடிந்துவிட்டது. பனிக்கு நடுவில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார், மீசையில் வெள்ளையாக உறைந்திருந்தது. இங்கே தோன் எவெலியோ பனியனோடு வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். சர்னாய் குதிரையைத் தலைமுதல் வால்வரை காட்டினாள். அப்பா ரொம்ப நேரம் பேசினார். அவள் ஸ்பானிஷில் சொன்னாள்:

“ரொம்ப அழகா இருக்காம்.”

“அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?” என்றார் தோன் எவெலியோ.

“ரொம்ப ரொம்ப அழகா இருக்காம்.”

“பொய் சொல்லாதீங்க. வயித்தக் காமிச்சப்போ தலைய ஆட்டினாரு, நான் பார்த்தேன்.”

சர்னாய் பெருமூச்சு விட்டாள். “வயிறு பெருசாம். பார்லி கொடுக்கிறத நிறுத்தணுமாம்.”

“பார்லியா? நான் எப்பக் குடுத்தேன்? வாழைப்பழம்தான் குடுக்கறேன்.”

அவள் அதை மங்கோலியனில் சொன்னாள். போனில் அப்பாவின் கண்கள் விரிந்தன. பக்கத்தில் யாரையோ கூப்பிட்டார். இன்னும் இரண்டு தொப்பிகள் திரைக்குள் எட்டிப் பார்த்தன. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் தோன் எவெலியோ, குழாயைக் கீழே போட்டுவிட்டு.

“கொஞ்சம் பொறுங்க, எனக்கே காது கேக்கல. பழத்தத் தோலோடயா குடுக்கறீங்கன்னு கேக்கறாங்க.”

“தோலோடதான். அவங்க ஊர்ல தோலை உரிச்சா குடுப்பாங்க?”

அம்மா எங்கள் மூன்று பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். போனில் இருந்தவர்களுக்கும் ஒரு குவளையைத் தூக்கிக் காட்டினாள். அவர்களும் தங்கள் குவளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். குதிரை வாளியில் வாயை விட்டுச் சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.