பின்னால் ஓடிய காடி

காஜா பெராங் ஊரில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த கலியாணசுந்தரத்துக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஓட்டை உடைசலாக வாங்கிய பழைய கார் ஒன்றை ரப்பர்த் தோட்டத்துச் சேற்றிலும் மேட்டிலும் ஏற வைக்கவேண்டும். அதற்காக லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைப் பொருத்தி அதை உயர்த்தினான், சக்கரங்களில் சங்கிலி சுற்றினான். வீட்டுக் கட்டிலின் இரும்புச் சட்டம்கூட ஒருநாள் காரின் அடியில் போய்ச் சேர்ந்தது.

தரையில் பாய் விரித்த மனைவி கோகிலா, "ஏங்க, தாலி கட்டுனது எனக்கா, இந்தக் காடிக்கா?" என்று கேட்டாள். இடது பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று அவன் பதில் சொன்னான்.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தேவதாஸ் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆனான். அந்தக் காரைப் பற்றி ஜப்பான் அதிகாரியிடம் சொன்னவனும் அவன்தான். அதை எடுத்துப்போக ஜப்பான்காரர்கள் வந்தபோது கலியாணசுந்தரத்தின் தம்பி தியாகு குறுக்கே நின்று தடுத்தான். மறுவாரமே தேவதாஸ் ஆளைக் காட்டிக்கொடுத்து, சயாம் ரயில்பாதை வேலைக்குப் போகும் லாரியில் தியாகுவை ஏற்றிவிட்டான். தியாகு கும்பிட்டுக் கெஞ்சியும் அவன் விடவில்லை. அங்கே தியாகு காலராவில் செத்த சேதி வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் காரின் பின்சக்கர அச்சு உடைந்தது. பழுதுபார்க்கக் கொண்டுவந்த தேவதாஸைக் கலியாணசுந்தரம் குனிந்து வரவேற்றதைக் கோகிலாவால் தாங்க முடியவில்லை.

"அவன் காடியத் தொடுவீங்களா?"

"தொடுவேன். நல்லாவே தொடுவேன்."

பின்னச்சைத் திறந்து, உள்ளிருந்த பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டினான். இனி முன் கியர்கள் எல்லாம் வண்டியைப் பின்னால்தான் தள்ளும். ரிவர்ஸ் போட்டால்தான் முன்னே போகும். வேலை முடிந்ததும் வந்த அதிகாரியிடம், தான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துச் செய்த வேலை இது என்று தேவதாஸ் பெருமையடித்தான். கலியாணசுந்தரம் பணிவாக ஆமாம் என்று தலையாட்டினான்.

புக்கிட் பாரு மேட்டுக்கு அப்பால் மரவள்ளித் தோட்டத்தைப் பார்வையிட அதிகாரி கிளம்பினான். வண்டியைச் சோதிப்பதாகச் சொல்லி, அவர்களுக்கு முன்பாகவே மேட்டடிவரை கலியாணசுந்தரமே காரை ரிவர்ஸ் கியரில் முன்னோக்கி ஓட்டிவந்து, சதுப்புக்கு முதுகு காட்டி நிறுத்திவைத்தான். அதிகாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, தேவதாஸ் முதல் கியர் போட்டு வேகமாக அழுத்தினான். கார் பின்னால் பாய்ந்தது. பதறி இரண்டாவது கியருக்கு மாற்றினான். இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சேற்றில் இறங்கியது.

இடுப்பளவு சேற்றிலிருந்து ஏறிவந்த அதிகாரி தேவதாஸை அறைந்தான். தேவதாஸ் கலியாணசுந்தரத்தைக் கைகாட்டினான். சொல்லிக்கொடுத்தவன் நீதானே என்று அதிகாரி மறுபடியும் அறைந்து, வெயிலில் முழங்காலில் நிறுத்தினான்.

அந்த மாதமே அதிகாரி தேவதாஸையும் சயாம் லாரியில் ஏற்றினான். கூட்டத்தில் நின்ற கலியாணசுந்தரத்தைப் பார்த்துத் தேவதாஸ் கையெடுத்துக் கும்பிட்டான்.

"என் தம்பியும் இப்படித்தான் கும்பிட்டான்" என்றான் கலியாணசுந்தரம். லாரி கண்ணுக்கு மறையும்வரை நகரவில்லை.

மனசு ஆறியதா என்று கோகிலா கேட்டாள்.

"இல்ல. ஆனா அவன் போறதப் பாத்துட்டேன்."

சேற்றில் கிடந்த காரை ஜப்பான்காரர்கள் அங்கேயே விட்டுவிட்டார்கள். மழை விட்டதும் கலியாணசுந்தரம் கயிற்றோடு கிளம்பினான். கோகிலா திட்டிக்கொண்டே கூடப் போய், புடவையை இழுத்துச் செருகிக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.