கஹி உட்கார்ந்த இடம்

முட்டியை இப்போதே மடக்காவிட்டால் பிறகு மடங்காது. உடைத்துத்தான் உட்கார வைப்பார்கள். அதை நான் பார்க்க மாட்டேன். நானே செய்துவிடுகிறேன். கை நடுங்காமல் செய், ஓர்பா.

ஓர்பா குனிந்தாள். அம்மாவின் முழங்கால்களை மெல்ல மேலே தள்ளி, அவள் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தாடை முட்டியில் இடித்தது. இங்கே இறந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் போலச் சுருண்டு. நகரத்துச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்து அந்தச் சுருளை விரிக்கத்தான் ஓர்பாவுக்குச் சம்பளம்.

"ஆயுசு பூரா காலை நீட்டிப் படுத்ததில்ல. இப்பவும் மடக்கியே போறா பாரு," என்றாள் ஹினா சித்தி. அம்மாவோடு அதே அடுப்படியில் நரைத்தவள்; கூப்பிடும் முறையில் மட்டும் சித்தி. கயிற்றைப் பல்லில் கடித்தபடி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலையில் பெரிய வீட்டில் ராம்புவுக்கு வெற்றிலை வைத்துவிட்டு இறங்கி வந்த அம்மா கஹி, அடுப்படியில் சற்றுத் தலை சாய்த்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் அவள் சாவு.

பெரிய வீட்டு எஜமானி ராம்பு இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. பெரிய வீட்டின் மூலையில், சீலைமேல் சீலை சுற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பொதியாக உட்கார்ந்திருக்கிறாள். கல்லறை மூடும்வரை அவளைத் தனியாக விடக் கூடாது. சோறு வைக்க வேண்டும், ஈ விரட்ட வேண்டும், பேச்சுக்கொடுக்க வேண்டும். இரண்டு வருடமும் கஹிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ராம்பு என்பது பட்டம்தான்; அவள் சொந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்பதால் ஊரெல்லாம் அவளைக் 'கஹியின் ராம்பு' என்றுதான் சொல்லும். அம்மாவின் பெயர் சும்பா தீவின் கிழக்குக் கரை முழுவதும் தெரியும். அம்மாவை யாருக்கும் தெரியாது.

"இப்ப மேல யாரு இருக்கா சித்தி?"

ஹினா கயிற்றை விட்டாள். "யாருமில்ல."

இருவரும் தலைக்குமேல் பார்த்தார்கள். மரக்கால்களின்மேல் நிற்கும் அந்தப் பெரிய வீட்டின் மூங்கில் தளம் அடுப்படிக் கூரையை ஒட்டித்தான் இருந்தது. எந்த ஓசையும் இல்லை. அம்மா அங்கே இருந்தவரை தளம் முனகிக்கொண்டே இருக்கும்.

"நீங்க போய் உட்காரக் கூடாதா?"

"நான் எப்படி? அது கஹி வழிக்கு உள்ள இடம். தாய் வழியா வர்றது." சித்தியின் பார்வை ஓர்பாவின் வயிற்றில் விழுந்து, உடனே விலகியது. ஓர்பா இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஹினாவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"சீலை வரல. பெரிய வீடு சீலை குடுக்காம கட்ட முடியாதே," என்றாள் ஓர்பா.

"உம்புவே கொண்டு வர்றாராம். வண்டி சத்தம் கேக்கல? அந்த வண்டியில ஒட்டியிருக்கிற தேர்தல் படத்துல உள்ள பல்லு அத்தனையும் அவரு வாயில கிடையாது, பாத்திருக்கேன்." சிரிப்பு பாதியில் நின்றது. "ஓர்பா, அவரு என்ன கேட்டாலும் சரின்னுடு. புரியுதா? முதல்ல உங்கம்மா போய்ச் சேரட்டும்."

உம்பு லாண்டு குனிந்து அடுப்படிக்குள் வந்தார். ராம்புவின் மூத்த மகன், இப்போது அந்த வீட்டு ஆண்டை. புபாத்தி பதவிக்கு நிற்கிறார். இந்த மாவட்டத்தையே ஆளப்போகிறவர் என்று பேச்சு. அவர் இந்த அடுப்படிக்குள் வந்து ஓர்பா பார்த்ததில்லை. ஒரு கையில் மடித்த சீலை, மறு கையில் வெற்றிலைக் கூடை. தரையிலேயே உட்கார்ந்தார். ஹினா பதறிப் பாய் எடுக்க ஓடினாள்.

"வேண்டாம் ஹினா, இரு. நாம எல்லாம் ஒரே குடும்பம்." அம்மாவின் கையை மெல்லத் தொட்டார். "என்னைத் தூக்கி வளர்த்த கை இது, தங்கச்சி."

தங்கச்சி. ஓர்பாவின் முப்பது வயதில் முதல்முறையாக.

அவர் சீலையை விரித்தார். ஓரத்தில் முத்துக் கோத்து, நடுவில் குதிரையும் மானும் நெய்தது. அடிமைவழியில் வந்த ஒருத்திக்கு இப்படி ஒரு சீலை யாரும் கொடுத்ததில்லை. ஹினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கம்மா அடக்கச் சடங்கு அடுத்த மாசம்," என்றார் லாண்டு. "தேர்தலுக்கு முன்னாடியே முடிச்சாகணும். எட்டு ஊர்ப் பெரிய வீடுகளும் வருது. கஹிதான் வழித்துணையா போறதா இருந்தது. இப்ப..." வெற்றிலைக் கூடையை ஓர்பாவின் பக்கம் நகர்த்தினார். "நீ அந்த இடத்துல உட்காரணும். இன்னைக்கிலேருந்து. சடங்கன்னைக்கு நகை போட்டுக் குதிரையில ஏறி, கல்லறை வரைக்கும். அவ்வளவுதான்."

கூடையிலிருந்து ஒரு துண்டு பாக்கை எடுத்தால் போதும். வாய் திறந்து சரி என்று சொல்லக்கூட வேண்டாம்.

"எதிராளி ஊர் ஊரா போய் என்ன சொல்றான் தெரியுமா? லாண்டு வீட்ல இன்னும் அடிமை இருக்குன்னு. அதே ஆளு, வழித்துணை இல்லாம எங்கம்மாவ அனுப்பினா, இவன் என்ன வம்சம்னும் கேப்பான். ரெண்டுக்கும் நடுவுல நான் என்ன பண்ணட்டும், சொல்லு." அவர் முகம் களைத்திருந்தது. "இந்தக் காலத்துல யாரு ஆண்டான், யாரு அடிமை? எல்லாருக்கும் ஒரே ஓட்டுதான். இது வெறும் சடங்கு தங்கச்சி. நாலு வெளிநாட்டுக்காரன் படம் எடுப்பான், முடிஞ்சுபோகும்."

வெறும் சடங்கு.

பழைய உம்பு, லாண்டுவின் அப்பா, போனபோது ஓர்பா சின்னப் பெண். அன்று வழித்துணை அம்மாதான். தலையில் ஆமையோட்டுச் சீப்பு, மார்பில் தங்கம், தலைக்குமேல் குடை. அம்மா ராணி மாதிரி இருக்கிறாள் என்று ஓர்பா கைகொட்டினாள். கல்லறையருகே அம்மா குதிரையிலிருந்து சரிந்தாள். கண் மேலே செருகியது. முன்காலத்தில் அப்படியே கல்லுக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். பக்கத்தில் யாரோ பாக்கு மென்றபடி சொன்னார்கள். பிறகு தண்ணீர் தெளித்தார்கள். அம்மா கண் திறந்தாள். "அம்மா" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவளைத் தள்ளிவிட்டாள். "யாருடி இது? எவ புள்ள? தள்ளிக் கட்டுங்க இத," என்றாள் செத்துப்போன உம்புவின் குரலில்.

அந்தக் குரல் பொழுது சாய்ந்ததும் போய்விட்டது. அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா தூங்கி எழும்போதெல்லாம், அவள் வாய் திறக்கும்வரை ஓர்பா மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

என் பிள்ளை என்னைக் கட்டிக்கொள்ள வரும். நான் எந்தக் குரலில் பேசுவேன்?

"ஓர்பா," ஹினாவின் நகம் அவள் தோளில் பதிந்தது. காதுக்குள் கிசுகிசுத்தாள். "எடுத்துக்கோடி. இந்தச் சீலை இல்லாம போனா செத்தவங்க ஊர்ல உங்கம்மாவ யாரு அடையாளம் கண்டுக்குவாங்க? வாசல்லயே நின்னுடுவாடி."

"புதைக்கிற இடமும் இந்த வீட்டு இடம்தான்," என்றார் லாண்டு மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்லல. சும்மா ஞாபகப்படுத்தறேன்."

ஓர்பாவின் கை கூடையை நோக்கிப் போனது. தானாகவே போனது, அம்மாவின் கை போவதுபோல, அம்மாவின் அம்மாவின் கை போவதுபோல. அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகம் பயம் வந்தது. கூடையின் விளிம்பைப் பிடித்தாள். பாக்கு வெள்ளையாக, புதிதாக நறுக்கியிருந்தது.

கூடையை அவர் முழங்கால் வரை தள்ளி வைத்தாள். குதிரையும் மானும் உள்ளே போகும்படி சீலையை மடித்து, அதன்மேல் வைத்தாள்.

"எனக்கு நாளைக்கு ட்யூட்டி இருக்குங்க, உம்பு," என்றாள்.

"என்னது?"

"ட்யூட்டி இருக்கு. எங்க வீட்டுக்காரரு வண்டி எடுத்துட்டு வந்திட்டிருக்காரு. அம்மாவை வைங்காப்பு டவுனுக்குக் கொண்டு போறேன். அங்க சர்ச்சுல இடம் குடுப்பாங்க."

ஹினா "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். லாண்டு கோபப்படுவார் என்று ஓர்பா காத்திருந்தாள். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் அவளைப் பார்க்கவேயில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையிலேருந்து தனியா இருக்காங்க," என்றார், யாரிடமோ போல. "யாராவது உட்காரணுமே."

சீலையையும் கூடையையும் எடுத்துக்கொண்டு, குனிந்து வெளியே போனார்.

ஓர்பா தன் பையைத் திறந்தாள். பிறந்த பிள்ளையை வாங்கும் பச்சைத் துணிகள், துவைத்து மடித்தவை. ஒன்று போதவில்லை, ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கினாள். சுருண்ட உடம்பைச் சுற்றி இழுத்தாள். ஹினா மெல்ல வந்து மறுமுனையைப் பிடித்தாள். முடிச்சுப் போடும்போது ஓர்பாவின் விரல்கள் வழுக்கின. மறுபடி போட்டாள்.

வெளியே ஏணிப் படியில் ஒரு ஜோடித் தோல்செருப்பு கழன்று விழுந்தது. கனத்த காலடி மேலே ஏறியது. தலைக்குமேல், கஹி உட்காரும் இடத்தில், மூங்கில் தளம் ஒருமுறை முனகியது. பழக்கமில்லாத யாரோ உட்கார்வதுபோல, இன்னொரு முறை.