எந்தச் செரீங்க?

தேவிப்பிரியாவிடம் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் ‘செரீங்கக்கா’.

நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊரில் சரி என்றால் சரி. முடியாது என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். திருப்பூருக்கு எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்கு வந்த பிறகு, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஞாயிறுதோறும் கூடவே இருந்து வழிகாட்டும் அக்காக்கள் திட்டத்தில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்தவள் இவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் வேலாத்தாளின் மகள். ஆறாம் வகுப்பில் வந்தவள் இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டாள்.

இந்தி வகுப்புக்குப் போகிறாயா என்றேன். செரீங்கக்கா. ஒரே வாரத்தில் நின்றுவிட்டாள். செஸ்? செரீங்கக்கா. காய்கள் இன்னும் என் அலமாரியில் தூங்குகின்றன. இந்த ஊர் ‘செரீங்க’ பாதி நேரம் சம்மதம், பாதி நேரம் வெறும் மரியாதை. எது எந்த வகை என்றுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

கல்லூரிக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். பிரவுசிங் சென்டரில் தாயும் மகளும் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பி.காம் போடுதேன். படிச்சு முடிச்சதும் இங்கயே வேல கிடைக்கும். என்ன?”

“செரீங்கக்கா.”

இது மரியாதைச் செரீங்கவாக இருந்தால் அவளுக்கு மூன்று வருடம் பாழ்.

“ஏட்டி, மனசுல வேற எதுவும் இருக்கா?”

“இல்லீங்கக்கா.”

வந்த எரிச்சலில் மவுசைப் பிடித்தேன். சட்டென்று என் கைமேல் அவள் கை விழுந்தது.

“வேண்டாமுங்கக்கா!”

“என்னட்டி சொன்ன?”

“கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு வரலாறு படிக்கோணுங்க. கொடுமணல்ல மண்ணத் தோண்டி அந்தக் காலத்துப் பாசிமணி எடுத்தாங்கல்லங்க, பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிக் காட்டுனாங்க. அப்பருந்து அதே நெனப்புங்க.”

வேலாத்தாள் பதறிப்போனார். “ஏனுங்க, உங்களையே எதுத்துப் பேசறாளுங்களே!”

“பேசட்டும்க்கா! நல்லாப் பேசட்டும்!”

நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் வேண்டாம். அதிலும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது. வரலாற்றையே போட்டு அனுப்பினேன்.

வெளியே வந்து மூவரும் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததோடு திட்டமும் முடிந்துவிட்டது. கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவியாட்டி?”

“செரீங்கக்கா.”

நான் முறைத்தேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இது நெசமான செரீங்கக்கா!”