கோல்கீப்பர் ஏன் ஓடினான்

பஸ் டிப்போ அணியின் கோல்கீப்பர் டயர் பிரிவில் வேலை பார்ப்பவன். வாசலை அடைக்கும் உடம்பு, டிப்போவே மெச்சும் மீசை. கோல் அடிப்பவன் பிரேக் மெக்கானிக். நாள் முழுக்க ஒரே கொட்டகையில் நின்றாலும் இருவர் பேச்சும் "ஸ்பேனர் குடு", "இந்தா" என்பதற்கு மேல் போகாது. மிஞ்சிப்போனால் தோளில் ஒரு குத்து. ஆண்பிள்ளைகளின் பாசத்துக்கு அங்கே அவ்வளவுதான் அனுமதி.

ஆனால் கோல் விழுந்துவிட்டால் சட்டமே வேறு. கட்டிப்பிடிக்கலாம், தலையைக் கலைக்கலாம், மேலே விழுந்து புரளலாம். ஏனென்று ஒருத்தரும் கேட்கமாட்டார். பாவம், இந்த யோகமெல்லாம் மைதானத்தின் அந்தக் கோடியில். நம் ஆள் நிற்பதோ இந்தக் கோடியில். அதனால் மெக்கானிக் கோல் போட்டதும் தலைதெறிக்க ஓடுவான். ஒரு பிடி பிடிப்பான். திரும்பி வரும்போது மட்டும் தூக்கத்தில் நடப்பவன் மாதிரி வருவான். போன ஆட்டத்தில் அவன் வந்து சேர்வதற்குள் எதிரணிக்காரன் நடுக்கோட்டிலிருந்தே ஓர் உதை விட்டு, காலியாகக் கிடந்த கோலுக்குள் பந்தைச் சேர்த்துவிட்டான்.

பயிற்சியாளர் கோல்கீப்பரின் அக்கா புருஷன். உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா மாப்ள, அங்க எதுக்கு ஓடுற?"

"டீம் ஸ்பிரிட் மாமா."

"எலக்ட்ரீஷியன் கோல் போட்டப்ப கிளவுஸ மாட்டிக் கழட்டிட்டு நின்னியே. அப்ப எங்க போச்சு அந்த ஸ்பிரிட்டு?"

அறையே சிரித்தது. மெக்கானிக் மட்டும் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸை மறுபடி கட்டினான். கோல்கீப்பருக்குக் காதெல்லாம் சூடேறியது. டீம் ஸ்பிரிட் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். வேறு பெயர் வைக்கப் பயமாக இருந்தது.

"ஆம்பளையா லட்சணமா நில்லு. பெனால்டி கோட்டத் தாண்டின, அப்புறம் டீம்லயே நீ கிடையாது."

இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழவில்லை. முடியப்போகிற நேரத்தில் மெக்கானிக் தலையால் ஒரு முட்டு முட்டினான். கோல்! கோல்கீப்பரின் கால்கள் அவனைக் கேட்காமலே கிளம்பின. சுண்ணாம்புக் கோட்டருகே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். திரும்பிப் போய் கோல் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். கம்பம் என்ன, பதிலுக்கா கட்டிக்கொள்ளும்? கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்தால், மெக்கானிக் வந்துகொண்டிருந்தான். மேலே விழுந்தவர்களையெல்லாம் உதறிவிட்டு, மைதானம் முழுக்க ஓடி, நேரே இவனிடம். பிடித்த பிடியில் விலா நொறுங்கியது. இருவரும் விடவில்லை. ஆட்டத்தை மறுபடி தொடங்க விசில் ஒலித்தது, மாமா கத்தினார். எதுவும் காதில் ஏறவில்லை. தலைக்கு மேலே ஏதோ பறந்துபோய் வலையில் விழுந்தது.

பந்து.

"மாப்ள!" மாமாவின் தொண்டையே கிழிந்தது.

"கோட்டத் தாண்டலியே மாமா!"

மெக்கானிக் மெதுவாகப் பிடியைத் தளர்த்தினான்.

"சமமாயிடுச்சே" என்றான் கோல்கீப்பர்.

"ஆகட்டும். இன்னொண்ணு போட்டுட்டு வரேன். இங்கயே இரு."

இவன் எங்கே போகப்போகிறான்!