பாறையிலிருந்து வந்த நாற்பத்தெட்டு எண்கள்

அன்றைக்குக் காலையில் மருதாயியின் மனதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. கேகாலைக் குறும்பட விழாவில் பெரிய திரையில் தன் முகம் வரப்போகிறது என்ற துள்ளல் ஒன்று. வராமல் போனால் அதற்குக் காரணம் தானேதான் என்ற பயம் மற்றது. இரண்டாவது விஷயம் தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தை எடுத்தவள் அவளுடைய மகள் நிரோஷா. ரம்புக்கனையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு நிமிடப் படம். தோட்டத்துத் துரை ஒரு நாள் முழுக்க ரப்பர் பால் வெட்டிப் பார்க்கிற கதை. துரையாக நடித்தது மருதாயி. தொப்பி, அரைக்கால் சட்டை, கக்கத்தில் பிரம்பு. இருபத்தெட்டு வருடம் பால் வெட்டியவளுக்குத் துரையின் நடையை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பத்துக் காம்பராவிலிருந்தும் ஆளுக்கொரு வேடம். ஆனால் ஒருவரும் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும் என்று நிரோஷா கறாராகச் சொல்லிவிட்டாள். போனில் எடுத்த காட்சிகளை இடம் போதாமல் அழித்தாயிற்று. ஆக, படம் இருந்த ஒரே இடம் அவளுடைய பழைய லெப்டொப்.

அதன் பெட்டரி செத்து ஒரு வருடமாகிறது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். போதாக்குறைக்கு, புது விண்டோஸுக்கு மாறு மாறு என்று திரையை அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்து நச்சரித்துக்கொண்டே இருந்தது. மண்டபத்தில் துரை தொப்பியைக் கழற்றுகிற நேரம் பார்த்து அது வந்து நின்றால் மானம் போய்விடும். அதனால் முதல் நாள் மாலை, ‘சரி, மாறித் தொலை’ என்று அமுக்கிவிட்டு நிரோஷா கோயிலுக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் மருதாயி பச்சைச் சேலையை எடுத்தாள். பத்துக் காம்பராவுக்கும் ஒரே வயர். எந்த வீட்டில் பாரம் கூடினாலும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து லயமே இருண்டுவிடும். இது அவளுக்குத் தெரியாததல்ல. படம் பார்க்கப் போகிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அயனைச் செருகித் தேய்த்தாள். பாதிச் சேலை முடிந்திருக்கும், பொட்டென்று எல்லாம் அணைந்தது. கன்னையா கங்காணி போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டார். எல்லா விளக்கும் எரிந்தன. மாறுவது பாதியில் அறுந்த லெப்டொப் மட்டும் நாற்பத்தெட்டு எண் கொண்ட ஒரு சாவியைக் கேட்டு நீலத் திரையோடு நின்றது. மருதாயி பாதிச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. தோட்டத்தில் வேலை இல்லை. பத்து மணிக்குள் படத்தைக் கேகாலையில் கையில் கொடுத்தாக வேண்டும். அதற்கு எட்டே முக்கால் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் மேலே உள்ள பாறை என்பதால் நிரோஷா விடிந்ததும் போனோடு ஏறிவிட்டாள். அந்தச் சாவி, லெப்டொப்பை முதன்முதலில் திறந்து பதிவு செய்தவரின் கணக்கில் இருக்கும் என்று தெரிந்தது. அது வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் நிலாம் நானா. விற்கிற ஒவ்வொரு லெப்டொப்புக்கும் அவரே ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். போயா நாளில் தூக்கத்தைக் கெடுத்தாளே என்று முனகாமல், அந்த மனிதர் கடையைத் திறந்து கொப்பியைத் தேட ஆரம்பித்தார்.

ஏழு ஐம்பதுக்கு நிரோஷாவின் குரல் மேலேயிருந்து கேட்டது. “கிடைச்சிருச்சு. நான் எறங்கி வாரேன்.”

இரவு மழையில் பாதை வழுக்கியது. இறங்கி வர இருபது நிமிடம் பிடிக்கும். கன்னையா கங்காணி ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதி மேடு ஏறிவிட்டார். “நீ எறங்காத பிள்ள. அங்கயிருந்தே ஒவ்வொண்ணாச் சொல்லு. நான் கீழ சொல்றேன்.”

பால் நிறுக்கும் இடத்தில் கிலோக் கணக்கைக் கூவிக் கூவிப் பழுத்த தொண்டை அவருடையது. மேட்டில் நின்று கூவினால் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் கேட்கும். ஆனால் கீழே யார் அடிப்பது?

“நான் அடிக்கிறேன்” என்றாள் மருதாயி. லெப்டொப்பின் தூசியைத் துடைக்கக்கூடப் பயப்படுகிறவள் அப்படிச் சொன்னதும் லயமே வாசலில் கூடிவிட்டது. அவளுக்கே தன் குரல் யாருடையதோ போலிருந்தது.

“ரெண்டு… ரெண்டு” என்று கூவினார் கங்காணி. மருதாயி ஆள்காட்டி விரலால் இரண்டு தடவை குத்தினாள். “ஏழு… ஏழு.” மறுபடி இரண்டு. “நாலு… நாலு.” ஆறு எண்ணுக்கு ஒரு கோடு தானாக விழும் என்று நிரோஷா சொல்லியிருந்தாள். இங்கே மூன்றாவது எண்ணிலேயே கோடு விழுந்துவிட்டது.

மருதாயி விரலை எடுத்துவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. பால் நிறுக்கும்போது கங்காணி எல்லாவற்றையும் இரண்டு தடவைதான் கூவுவார். எழுதுகிறவர் ஒரு தடவைதான் எழுதுவார். இத்தனை வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு இதுகூடத் தோன்றாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“அண்ணே, நிப்பாட்டுங்க. அழிக்கிறது எப்புடின்னு கேளுங்க.”

கேள்வி மேட்டில் ஏறிப் பாறைக்குப் போனது. பதில் இறங்கி வந்தது. “மேல வலது மூலையில அம்புக்குறி போட்ட பெரிய பட்டன்.”

அழித்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை இரண்டாவது கூவல் வரும்வரை விரலைத் தூக்கிவைத்துக்கொண்டாள். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு என்று கோடுகள் விழ விழ வாசலில் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். நாற்பத்தெட்டாவது எண்ணைக் குத்தி, எண்டர் பட்டனையும் அமுக்கினாள். நீலத் திரை மறைந்து, கறுப்பில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

நிரோஷா முழங்கால் எல்லாம் சேறாக ஓடி வந்து திரையைப் பார்த்தாள். “பழைய விண்டோஸுக்கே திரும்புது. இன்னும் இருபது நிமிஷம் ஆகும். இடையில கரண்ட் போச்சுன்னா படத்த மறந்துற வேண்டியதுதான்.”

எட்டேகால். எல்லோரும் படத்துக்கு உடுத்திக்கொண்டு கிளம்புகிற நேரம். ஐந்தாம் காம்பரா புஷ்பம் அயனோடும் பிளவுஸோடும் வெளியே வந்தாள். “ஒரு பிளவுஸ்தான் நிரோஷா, ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள என்னா ஆகிறப்போகுது?”

“ஆகும்” என்றாள் மருதாயி. வாசலுக்கு வந்து எல்லோரையும் பார்த்தாள். மகளைப் பார்க்கவில்லை. “நேத்து ட்ரிப் ஆனது என்னாலதான். சேலையத் தேச்சேன். பாதி தேய்க்கிறதுக்குள்ள பிள்ளையோட படமே போகப் பாத்துச்சு. உங்க எல்லாரையும் கும்புட்டுக் கேக்குறேன், ஒருத்தரும் ஒண்ணும் போட்டுறாதீங்க.”

புஷ்பம் அயன் வயரைச் சுருட்டினாள். பிறகு உள்ளே போய்க் கேத்தல் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு வந்தாள். அடுத்தடுத்த காம்பராக்களில் விளக்கு, ரேடியோ, டிவி எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. கன்னையா கங்காணி ட்ரிப் சுவிட்சுக்குக் கீழே போய்க் காவல் நிற்பதுபோல நின்றார். அங்கே நின்று அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு முப்பத்தாறுக்குத் திரை திறந்தது. படம் இருந்தது. நிரோஷா அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கையில் இறுக்கிக்கொண்டு ஓட, பின்னால் லயமே ஓடியது.

பஸ்ஸில் லயத்திலிருந்து வந்த பதினெட்டுப் பேரும் கசங்கிய துணியோடு தொங்கிக்கொண்டு போனார்கள். மருதாயியின் பச்சைச் சேலை இடுப்புவரை மொடமொடப்பு, தோளில் சுருக்கம். நிரோஷா அந்தச் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள்.

“எனக்கு நேத்தே தெரியும்மா. கோயிலால வந்தப்போ அயன் சுட்டுச்சு.”

“ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா இன்னைக்கு நீங்க படம் பாக்க வந்திருக்க மாட்டீங்க.”

மருதாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

மண்டபத்தில் விளக்கணைந்தது. திரையில் ஒரு பங்களா வாசல். அதிலிருந்து துரை இறங்கி வந்தார். பிரம்பு, தொப்பி, ஒரு சுருக்கம்கூட இல்லாத வெள்ளைச் சட்டை. மருதாயி தன்னை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கசங்கிய வரிசை முழுக்கக் கைதட்டியது.

புஷ்பம் காதுக்கருகே குனிந்தாள். “சட்டை பளபளன்னு இருக்கே அக்கா. அத எப்ப அயன் பண்ணுனீங்க?”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே துரையின் குரலில் மருதாயி சொன்னாள். “பேசாம வேலையப் பாரு.”