என் வீட்டுக்காரர் தாண்டினார்

வயிற்றைச் சுமந்தவள் நான். மருத்துவச்சி வந்து விசாரித்ததோ என் வீட்டுக்காரரை! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

எங்கள் தோட்டத்துக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவள் பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரி. கம்பமென்றால் அவர்கள் கிராமம். எல்லாருக்கும் அவள் மக் பீடான், மருத்துவச்சி அம்மா. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்த மாதத்தில் முதல்முறை எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தாள். நான் பாயை விரித்துப் படுத்திருக்கிறேன். அவளோ வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உடையப்பா, தூக்கம் வருதா? சோறு இறங்குதா?"

"எனக்கென்ன மக், நல்லாத்தான் இருக்கேன்."

பொய். நான் வாந்தியெடுத்தால் அவரும் எடுப்பார். மக் பீடான் அவருக்கும் இஞ்சி தட்டிக் கொடுத்தாள். பாம்பை அடிக்காதே, வாசலை மறித்து நிற்காதே என்று அவருக்கும் கட்டுப்பாடு வைத்தாள். ஒருநாள் அவர் கையை இழுத்து என் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஓர் உதை. மனுஷன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் பயம் எனக்குத் தெரியும். அவருடைய அக்கா பிரசவத்தில்தான் போனாள்.

"வலி எடுத்தா நான் பாரிட் புந்தாருக்கு வயல் வேலைக்குப் போயிடுவேன், காளி. என்னால தாங்க முடியாது."

வயலாம் வயல்! கடல் தாண்டி வந்த எனக்கு இந்தச் சீமையில் அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவர் பக்கத்தில் இல்லாமல் நான் பிழைக்க மாட்டேன் என்றே தோன்றியது. மக் பீடானிடம் சொல்லி அழுதேன்.

"ஓடுறவனைக் கட்டி வைக்க முடியாது. வேலை கொடுத்தா நிப்பான்லா," என்றாள்.

ஒரு காலையில் வலி வந்தது. ஆட்களெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்தார்கள். லயம் முழுக்கப் பனி. அத்தாப்பு ஓலைக் கூரையின் ஓட்டைகளில் வெளிச்சம் மெல்லச் சொட்டியது. வலி வரும், போகும். இடையில் நான் எங்கோ மிதந்தேன். கப்பலில் கிடப்பதுபோல் தரை ஆடியது. வெயில் ஏறி ரப்பர் கொட்டைகள் வெடித்தபோது, யாரோ தூரத்தில் கைதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் அவர் துணிமூட்டையோடு நிற்பதும் கனவில்போலத் தெரிந்தது. மக் பீடான் வந்து என் காலடியில் உட்கார்ந்து அதட்டியும் பிள்ளை மட்டும் இறங்கவில்லை. கடைசியில் அவள் வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"உடையப்பா! மூட்டையை வை. இங்கே வந்து பொண்டாட்டியை மூணு தரம் தாண்டு. வழி திறக்கும்."

அது அவர்கள் வழக்கமாம். இவர் முகம் வெளுத்துப்போயிற்று. படுத்திருப்பவரை நம்மில் யாராவது தாண்டுவார்களா?

"ஐயோ மக், பாவம்! வேணாம்!"

"தாண்டுறியா, ஓடுறியா?"

அவர் என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி, "முருகா!" என்று தாண்டினார். தாண்டியவர், அந்தப் பாவம் கழிய உடனே இந்தப் பக்கம் திரும்பித் தாண்டினார். சின்னப் பிள்ளைகள் செய்வார்களே, அதே போல.

"இது என்ன? மறுபடி!" என்றாள் மக் பீடான்.

மறுபடியும் தாண்டினார், மறுபடியும் பாவம் கழித்தார். கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி அங்கும் இங்கும் போய்வந்தார்.

"அடே, எத்தனை ஆச்சு? எனக்குக் கணக்கே போச்சு!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அந்த வலியிலும் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். சிரிப்போடு சிரிப்பாகப் பிள்ளை இறங்கத் தொடங்கியது.

"நிக்காதே, அவளைப் பிடி!"

என் தலைமாட்டில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை விடவில்லை.

பெண் பிள்ளை. லயமே அதிர அழுதது. மக் பீடான் துடைத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இருங்க மக். முதல்ல இவ மூச்சு விடுறாளான்னு பாத்துக்கறேன்."

என் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார்.